அடைக்கலமும் காவலும்

5 நாள். 1 ஆண்டு. 3 ஆண்டு. 55 வயதைக் கடந்தவளாக இருந்தால் 5 ஆண்டு. வீட்டைவிட்டு வெளியேறிய, அல்லது வெளியேற்றப்பட்ட பெண்ணுக்கு நம் அரசுகள் வகுத்துவைத்த காலக்கணக்கு இது. அடிபட்ட இரவில் 181 என்ற எண்ணை அழைத்தால், ‘சகி’ என்னும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் 5 நாள் வரை தங்கலாம். அதற்குமேல் தேவைப்பட்டால் காப்பகம். ‘ஸ்வாதார் கிரஹ்’ திட்டத்தின் விதிகளின்படி குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்தவளுக்கு ஓராண்டு, வேறு காரணங்களால் வீடிழந்தவளுக்கு மூன்றாண்டு, முதியவளுக்கு ஐந்தாண்டு என்றிருந்தது. கூட வந்த மகள் 18 வயது வரை தாயோடு இருக்க முடிந்தது. மகன் 8 வயது வரைதான். 2022இல் அந்தத் திட்டம் ‘சக்தி சதன்’ என்று பெயர் மாறியபோது மகனுக்கான வயது 12 ஆனது.

எண்கள் இருப்பது தவறென்று நான் சொல்லவில்லை. எண் இல்லாமல் நிதி ஒதுக்க முடியாது. ஒரு கட்டிலில் ஒருத்தியே காலமெல்லாம் இருந்தால் அடுத்து வருபவளுக்குக் கட்டில் கிடைக்காது. எனக்குப் புரியாதது வேறொன்று. இதை ‘இடைக்காலத் தங்குமிடம்’ என்கிறோம். இடை என்றால் இரண்டுக்கு நடுவில் இருப்பது. ஒரு பக்கம் அவள் விட்டுவந்த வீடு. இன்னொரு பக்கம் எது? ஓராண்டு முடியும் நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் எந்தத் திசையில் நடக்க வேண்டும்? விதிமுறைகளில் தையல் பயிற்சி இருக்கிறது, கணினிப் பயிற்சி இருக்கிறது, உளவியல் ஆலோசனை இருக்கிறது. மறுகரை இல்லை.

நான் தமிழ் கற்பிப்பவள். எதையும் சொல்லிலிருந்து தொடங்குவது தொழில் புத்தி. அறம், பொருள், இன்பம், வீடு என்று நான்கைச் சொல்லும்போது வீடு என்பது விடுபடுதல். விடு என்ற வேரிலிருந்து வந்தது. விடுதலை, விடுதி இரண்டும் அதே வேரின் கிளைகள். இப்படி ஒரு சொல்லைத்தான் நாம் செங்கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டிய கட்டடத்துக்குக் கொடுத்திருக்கிறோம், அதற்குள் பெண்ணையும் வைத்திருக்கிறோம். இன்னொன்றும் உண்டு, வகுப்பில் சொன்னால் மாணவிகள் சட்டென்று நிமிர்வார்கள். இல்லாள் என்றால் இல்லத்துக்கு உரியவள், மனைவி. இல்லான் என்றால் ஒன்றும் இல்லாதவன், ஏழை. மொழி பெண்ணுக்கு இல்லத்தைப் பெயராகக் கொடுத்தது. பட்டாவில் இருப்பதோ பெரும்பாலும் இல்லானின் பெயர்.

தமிழ்ப் பெண்ணுக்கு இரண்டு வீடு என்பார்கள். பிறந்த வீடு, புகுந்த வீடு. ஒன்றில் பிறக்கிறாள், மற்றொன்றில் புகுகிறாள். வினைச்சொற்களைக் கவனியுங்கள். இருத்தல் என்ற வினை இரண்டிலும் இல்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 23ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டில் ஆண் வாரிசுகள் பாகம் பிரிக்க முன்வரும்வரை பெண் வாரிசு தன் பாகத்தைப் பிரித்துக் கேட்க முடியாது. அங்கே குடியிருக்கும் உரிமைகூட மணமாகாத மகளுக்கும், கணவனால் கைவிடப்பட்டவளுக்கும், பிரிந்துவந்தவளுக்கும், கைம்பெண்ணுக்கும் மட்டும்தான். அதாவது தந்தையின் வீட்டையே சட்டம் மகளுக்கான காப்பகமாக்கி வைத்திருந்தது. துன்பப்பட்டுத் திரும்பினால் இடமுண்டு. உரிமையோடு நுழைந்தால் கிடையாது. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கும் ஆணுக்கும் சமச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டுச் சட்டம் மகளைக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்காளியாக ஏற்க 60 ஆண்டு ஆனது. அந்த 1989ஆம் ஆண்டுச் சட்டமும் முன்பே மணமாகிப் போனவர்களை வெளியே நிறுத்தியது. 23ஆவது பிரிவு 2005இல்தான் நீங்கியது. சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது என்று சொல்வதே சரி. ‘அண்ணன் மனசு கஷ்டப்படும்’ என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் பெண்களை எல்லாப் பதிவு அலுவலக வாசலிலும் இன்றைக்கும் பார்க்கலாம். அந்தப் பத்திரத்துக்கு விடுதலை என்று பெயர் வைத்தவரின் நகைச்சுவை உணர்வை என்னவென்பது.

1929 என்றதும் இன்னொரு நூல் நினைவுக்கு வரும். பெண் எழுத வேண்டுமானால் ஆண்டுக்கு 500 பவுன் வருமானமும் தனக்கென்று ஓர் அறையும் வேண்டும் என்று வர்ஜீனியா வுல்ஃப் எழுதிய நூல் வெளியானதும் அதே ஆண்டில்தான். அந்த அறைக்குப் பூட்டும் வேண்டும் என்று அவர் கேட்டதைப் பலர் கவனிப்பதில்லை. உள்ளே இருப்பவள் பூட்டிக்கொள்ளும் பூட்டு. பின்னால் இதற்கு வருகிறேன்.

நான் குடியிருக்கும் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து பார்த்தால் சேர்வராயன் மலை தெரியும். அந்த அழகைப் பற்றிக் கவிதை எழுதியாகிவிட்டது, இங்கே வேண்டாம். இந்தச் சேலத்துச் சமவெளியில் வீடு என்பது படுத்து எழும் இடம் மட்டுமல்ல. கொலுசு வேலை வீட்டுக்குள்தான் நடக்கிறது. வெள்ளிக் கம்பியை வளைத்து வளையம் கோப்பதும் பற்றவைப்பதும் முத்து வைப்பதும் திண்ணையிலோ அடுப்படிக்குப் பக்கத்திலோதான். தறி ஓடும் வீடுகளில் நடுக்கூடமே தறிக்குழி. அவன் நெய்வான், அவள் தார் சுற்றுவாள், பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து கூட நிற்பார்கள். நெய்த சேலைக்குக் கூலி அவன் கையில் வரும். முன்பணம் வாங்கியதும் அவன் பெயரில்தான் இருக்கும். தார் சுற்றியதற்கென்று தனிக்கூலி எந்தக் கணக்கிலும் இல்லை.

இப்படியொரு வீட்டிலிருந்து நள்ளிரவில் பிள்ளைகளோடு வெளியே வருகிறவள் கூரையை மட்டுமா இழக்கிறாள்? அதே நொடியில் வேலையையும், வேலைக்கருவியையும், கொலுசுக் கடைக்காரர் நம்பிக்கையாகக் கொடுத்துப் போகும் வெள்ளியையும், ‘இவ வேலை சுத்தமா இருக்கும்’ என்று தெருவில் சம்பாதித்திருந்த பெயரையும் இழக்கிறாள். இருபது ஆண்டுத் தொழில் தெரிந்தவள் காப்பகத்தின் பதிவேட்டில் ‘தொழில்: இல்லை, இல்லத்தரசி’ என்று எழுதப்படுகிறாள். பிறகு அவளுக்குத் தையல் கற்றுத்தருகிறோம்.

அதனால்தான், அவளை எங்கே தங்கவைப்பது என்பதற்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது. அடித்தவன் வீட்டில் இருக்க, அடிபட்டவள் ஏன் வீட்டைவிட்டுப் போக வேண்டும்? கொள்ளையடித்தவனுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, பறிகொடுத்தவருக்குச் சத்திரத்தில் பாய் போடும் வழக்கம் வேறெந்தக் குற்றத்தில் உண்டு? குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறது. பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையை 17ஆவது பிரிவு அவளுக்குத் தருகிறது, அந்த வீட்டின்மேல் அவளுக்குச் சொத்துரிமை இல்லாவிட்டாலும். அவனையே வெளியேறச் சொல்லி உத்தரவிட 19ஆவது பிரிவில் நடுவருக்கு அதிகாரம் உண்டு. சட்டம் நடைமுறைக்கு வந்த 2006ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் பத்ரா வழக்கில், மாமியார் பெயரில் உள்ள வீடு ‘பகிர்ந்து வாழ்ந்த வீடு’ ஆகாது என்றது. நம் ஊர்களில் எத்தனை கணவன்மார்களுக்குச் சொந்தப் பெயரில் வீடு இருக்கிறது? அப்பா பெயரில், அம்மா பெயரில், தாத்தா பெயரில் இருக்கும். அந்தத் தீர்ப்பு தவறு என்று அதே நீதிமன்றம் அஹூஜா வழக்கில் 2020 அக்டோபரில் சொன்னது. இடையில் 14 ஆண்டு. அந்த 14 ஆண்டில் தெருவுக்கு வந்தவர்களை எந்தத் தீர்ப்பாலும் திரும்ப அழைக்க முடியாது.

இருந்தாலும், வெளியேறுவதே உயிர்பிழைக்க வழியாகிப்போன பெண்கள் இருப்பார்கள். உத்தரவுக் காகிதத்தைக் கதவில் ஒட்டிவிட்டால் அரிவாள் தயங்காது. 1971இல் லண்டனின் சிஸ்விக் பகுதியில் எரின் பிட்சி ஒரு சிறிய வீட்டைத் திறந்தபோது, கதவைத் தட்டிய யாரையும் திருப்பி அனுப்புவதில்லை என்று வைத்துக்கொண்டார். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவர்மேல் வழக்குத்தான் போட்டார்கள். இடம் போதவில்லை என்பதே ஒரு சமூகத்தைப் பற்றிய செய்திதானே. ஆக, தங்குமிடம் வேண்டும். அது அடைக்கலமா, காவலா என்பதே என் கேள்வி.

முதுகலை வகுப்பில் மணிமேகலை நடத்திக்கொண்டிருந்தேன். 19ஆம் காதை, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கியது. புகார் நகரத்துச் சிறைக்குள் அமுதசுரபியோடு போய்ச் சோறிடுகிறாள் மணிமேகலை. என்ன வேண்டும் என்று மன்னன் கேட்க, இந்தச் சிறையை அறக்கோட்டமாக்கு என்கிறாள். ஆக்குகிறான். எல்லா உரைகளும் நெகிழும் இடம், நானும் நெகிழ்ந்துதான் நடத்துவேன். ஒரு மாணவி கேட்டாள்: “அறக்கோட்டமா மாத்துனாங்க, சரிங்க மேடம். கதவுல இருந்த பூட்டை எடுத்தாங்களா?”

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. பிறகு அறைக்கு வந்து சொன்னாள். சிறுவயதில் அம்மாவோடும் தம்பியோடும் வேறொரு ஊரில் ஒரு காப்பகத்தில் சில மாதம் இருந்திருக்கிறாள். யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளியே போக கையெழுத்து வேண்டும், கூட ஆள் வேண்டும். நன்கொடை கொடுப்பவர்களின் பிறந்தநாள் வந்தால் எல்லாரும் வரிசையில் நின்று பாட்டுப் பாடி, நன்றி சொல்லி, படம் எடுத்தபின்தான் இலை போடுவார்கள். “பாயசம் வரும்ங்க மேடம். ஆனா சோறு ஆறிப்போயிருக்கும்.” தம்பிக்கு வயது கூடிப்போனதால் அவனை ஆண்பிள்ளைகள் இல்லத்துக்கு அனுப்பினார்கள். ஆறாவது வாரம் அம்மா கணவனுக்கே ஆள் சொல்லி அனுப்பிவிட்டாளாம். “அப்பா திருந்திட்டாருன்னு நெனைச்சு இல்லீங்க. தம்பிய வாங்கிக்கத்தான்.”

அந்தக் காப்பகத்தின் பதிவேட்டில் இந்தக் குடும்பம் எந்தத் தலைப்பின்கீழ் எழுதப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ‘குடும்பத்தோடு சேர்த்துவைக்கப்பட்டோர்’ என்றுதான் இருக்கும்.

மணிமேகலையைப் பொறுத்தவரை அந்த மாணவியின் கேள்விக்குக் காப்பியமே விடை வைத்திருக்கிறது, நாம்தான் அறக்கோட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். 22ஆம் காதையின் பெயர் சிறைசெய் காதை. சிறையைத் திறந்தவளையே, மூன்று காதை தள்ளிச் சிறையில் வைக்கிறார்கள். இளவரசன் கொல்லப்பட்டிருக்கிறான், கொன்றவன் இவள் அல்ல, ஆனாலும் இவளுக்குக் காவல். அடுத்த காதை இன்னும் நுட்பமானது. மகனை இழந்த இராசமாதேவி, பகையை உள்ளே வைத்துக்கொண்டு, இவளுக்குச் சிறை தகாது, நான் என்னிடம் வைத்துக்கொள்கிறேன் என்று அரசனிடம் பரிவோடு கேட்டு அழைத்துப் போகிறாள். அதன்பின்தான் மருந்து, ஏவிவிட்ட இளைஞன், நோயாளி என்று சொல்லி அடைத்துவைத்த புழுக்கமான அறை எல்லாம் வருகின்றன. வெளிப்படையான சிறையைவிடப் பரிவின் பெயரால் வரும் காவல் கொடியது என்று அறிந்தே எழுதியிருக்கிறார் சாத்தனார்.

இது காப்பியத்தோடு போன கதையும் அல்ல. ஆக்ராவின் அரசுப் பாதுகாப்பு இல்லத்தில் பெண்கள் அடைபட்டுக்கிடந்த நிலையைப் பற்றி 1981இல் உபேந்திர பக்சி, லோதிகா சர்க்கார் என்ற இரு சட்டப் பேராசிரியர்கள் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதமே வழக்காக ஏற்கப்பட்டது. 2018இல் பீகாரின் முசாபர்பூரில் சிறுமியர் இல்லத்தில் நடந்த வன்கொடுமைகள் டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் ஆய்வால் வெளியே வந்தன. 2020 ஜனவரியில் 19 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. இரண்டு இடங்களின் பெயரிலும் இல்லம் என்ற சொல் இருந்தது. இரண்டிலும் உள்ளே இருப்பவர்களால் வெளியே ஒரு சொல்லை அனுப்ப முடியவில்லை.

காப்பகப் பணியாளர்களை வில்லிகளாக்க எனக்கு விருப்பமில்லை. குறைந்த ஊதியத்துக்கு இரவுப் பணி பார்க்கும் பெண்கள்தான் அவர்களும். குடித்துவிட்டு வந்து கேட்டை உலுக்குகிறவனை எதிர்கொள்வது அவர்களே. ஒருத்தி வெளியே போய்த் திரும்பாவிட்டால் காவல் நிலையத்தில் பதில் சொல்வதும் அவர்களே. பூட்டு இல்லாமல் எப்படி என்று அவர்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. பூட்டு வேண்டும்தான். பூட்டைத் திறக்கும் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதில்தான் வேறுபாடு. அவனை வெளியே நிறுத்தும் பூட்டும் அவளை உள்ளே நிறுத்தும் பூட்டும் ஒரே இரும்பு, ஒரே விலை. வுல்ஃப் கேட்டது முதலாவது.

தமிழில் அடைக்கலம் என்று ஒரு சொல் இருக்கிறது. சிலம்பில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலம் கொடுக்கிறார். மாதரி பெரிய இடத்துப் பெண் அல்ல. மோர் விற்கும் ஆயர்குலத்தவள். அவள் செய்வதைப் பாருங்கள். தன் வீட்டு மூலையில் கண்ணகிக்குப் பாய் போடவில்லை. தனியாக ஒரு சிறு மனையில் குடியமர்த்துகிறாள். சமைக்கப் புதிய கலங்களும் காயும் அரிசியும் பாலும் தருகிறாள். துணைக்கு மகள் ஐயையை அனுப்புகிறாள். அன்றைக்குச் சமைப்பவள் கண்ணகி. அவளுடைய அடுப்பு, அவளுடைய கை. வந்தவளின் வரலாற்றை விசாரித்து, ஒழுக்கத்தைச் சோதித்து, நன்றி வாங்கிக்கொண்டு கொடுத்த இடமல்ல அது. கடைசியில் அடைக்கலத்தைக் காக்க முடியாமல் போனபோது மாதரி தீப்புகுந்தாள் என்று பின்னால் ஒரு செய்தி வருகிறது. தீப்புகுவதை நான் கொண்டாடவில்லை, எந்தப் பெண்ணும் எதற்காகவும் தீப்புக வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சொல்லின் எடை யார் தலையில் இருந்தது என்று பாருங்கள். அடைக்கலத்தில் கடமைப்பட்டவர் கொடுப்பவர். காவலில் கடமைப்பட்டவள் வந்தவள்: அடங்கியிருக்க, நன்றியோடிருக்க, நல்லவளாக நடந்துகாட்ட. ஓர் இடத்தின் விதிமுறைத் தாளை எடுத்துப் படியுங்கள். அதில் எத்தனை வரி அவள் செய்ய வேண்டியதைச் சொல்கிறது, எத்தனை வரி அவளுக்குச் செய்ய வேண்டியதைச் சொல்கிறது என்று எண்ணுங்கள். பெயர்ப்பலகை எதுவாக இருந்தாலும் அது எந்த இடம் என்று தெரிந்துவிடும்.

மறுகரையை யோசித்துத் தொடங்கிய இல்லங்களும் நம் வரலாற்றில் உண்டு. பண்டித ரமாபாய் 1889இல் பம்பாயில் கைம்பெண்களுக்காகத் தொடங்கிய சாரதா சதன் ஒரு பள்ளி. பிறகு கேட்காவில் அமைத்த இடத்துக்கு அவர் வைத்த பெயர் முக்தி. தமிழில் பெயர்த்தால் வீடு. சென்னையில் சகோதரி சுப்பலட்சுமி, தானே குழந்தைப் பருவத்துக் கைம்பெண், 1911இல் பட்டம் பெற்று, அடுத்த சில ஆண்டுகளில் கடற்கரை ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இளம் கைம்பெண்களைப் படிக்கவைத்து ஆசிரியைகளாக வெளியே அனுப்பினார். மொட்டையடிக்கப்பட்ட தலையோடு உள்ளே போனவள் சம்பளத்தோடு வெளியே வந்தாள். அது பிராமணக் கைம்பெண்களுக்கான கதவாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். யாருக்குத் திறக்காது என்பதும் கதவின் வரலாறுதான். முத்துலட்சுமி ரெட்டியிடம் 1930இல் தேவதாசி முறையிலிருந்து விலகிய சிறுமிகள் வந்து நின்றபோது நகரத்து விடுதிகள் அவர்களுக்கு இடம் தரவில்லை. பிராமணர் விடுதியும் தரவில்லை, பிராமணரல்லாதார் விடுதியும் தரவில்லை. அவர் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். ஔவை இல்லம் அப்படித்தான் பிறந்தது. வீடில்லாத கிழவியாக ஊரூராக நடந்த ஔவையின் பெயரை ஓர் இல்லத்துக்கு வைத்திருப்பது எனக்குப் பிடிக்கும்.

சேலத்துக்கென்று ஒரு கதை இருக்கிறது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் இந்த மாவட்டத்தில்தான் தொடங்கியது. பெண்சிசுக்கொலை நாடெங்கும் பேசப்பட்ட காலம். கொல்லாதீர்கள், தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள், அரசு வளர்க்கும் என்றார்கள். தொட்டில் பெயர் கேட்கவில்லை. ஊர், சாதி, தகப்பன் யார், ஏன் வந்தாய், கணவனோடு பேசிப் பார்த்தாயா, எதுவும் கேட்கவில்லை. நிபந்தனையில்லாத ஏற்பு என்பது ஓர் அரசால் முடியாத காரியமல்ல என்பதற்கு அந்தத் தொட்டிலே சான்று. அதனால் பிழைத்த உயிர்களை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்தத் தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் போடலாம் என்று ஏன் யாருக்கும் தோன்றவில்லை? ‘இந்தக் குழந்தையை நான் வைத்துக்கொள்கிறேன், எனக்கும் இவளுக்கும் இரண்டு ஆண்டு இருக்க இடம் கொடுங்கள்’ என்று கேட்டிருக்கக்கூடிய தாய் ஒருத்தியாவது வந்திருக்கமாட்டாளா? குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்தால் இரங்குவோம். தாயும் குழந்தையும் சேர்ந்து, ஆண் இல்லாமல், ஒரு குடும்பமாக வந்து நின்றால் நமக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை.

மகனுக்கு வயது வரம்பு வைத்ததும் இதே குழப்பம்தான். பல பெண்கள் தங்கும் இடத்தில் வளர்ந்த பையன் இருப்பது சிக்கல் என்பது புரிகிறது. குளியலறைக்கும் படுக்கைக்கும் தனி ஏற்பாடு வேண்டும். ஆனால் ஏற்பாட்டுக்கான செலவை மிச்சப்படுத்தி, அந்தச் செலவைப் பிள்ளையின் தலையில் ஏற்றுகிறோம். அப்பா அம்மாவை அடித்ததைப் பார்த்துக் கட்டிலுக்கடியில் ஒளிந்த பிள்ளை அவன். அவனிடம் நாம் சொல்வது: நீ ஆண், அதனால் நீ ஆபத்து. அவனும் அப்பாவைப்போல ஆகாமல் இருக்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். பொதுக்கூடங்களாகக் கட்டாமல் சிறு சிறு குடியிருப்புகளாக, ஒவ்வொரு தாய்க்கும் ஓர் அறையும் அடுப்பும் உள்தாழ்ப்பாளுமாகக் கட்டினால் அந்த வயது வரம்பே தேவையில்லாமல் போகும். மாதரிக்குத் தெரிந்திருந்த விஷயம் இது.

முதலில் தகுதியாகு, பிறகு வீடு தருகிறோம் என்பது எல்லா நாட்டு நலத்திட்டங்களிலும் ஊறிய மனப்பான்மை. நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் 1992இல் அதைத் தலைகீழாக்கினார். தெருவில் வாழ்ந்த, மனநோயும் போதைப் பழக்கமும் கொண்டவர்களுக்கு முதலில் வீட்டுச் சாவியைக் கொடுத்தார், சிகிச்சையைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார். பெரும்பாலோர் அந்த வீட்டில் நிலைத்தார்கள். நம் பெண்களுக்கு வீட்டில் வாழும் தகுதி இருக்கிறதா என்று யாரும் சோதிக்கவே வேண்டியதில்லை. பத்து வயதிலிருந்து ஒரு வீட்டை நடத்திப் பழகியவர்கள். இல்லாதது வீடு மட்டும்தான்.

தமிழ்நாடு அரசின் ‘தோழி’ விடுதிகள் வந்தபோது மகிழ்ந்தேன். வேலைக்குப் போகும் பெண் அச்சமில்லாமல் தங்க நல்ல இடங்கள். ஆனால் வேலை இருந்தால்தான் தோழி. வேலை வேண்டுமென்றால் முகவரி வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனாலும் முகவரி கேட்பார்கள். அந்த முகவரி இன்னும் அவன் வீட்டில்தான் இருக்கிறது. இந்தச் சுற்றைச் சுற்றிச் சுற்றித் தலைசுற்றியே திரும்பிப் போனவர்களை நான் அறிவேன். அவர்களைக் கோழைகள் என்று எந்த மேடையிலும் சொல்லாதீர்கள், தோழிகளே. திரும்பிப் போனவள் மீண்டும் வெளியேறும்போது, ‘போன தடவையே சொன்னோமே’ என்று கேட்காத ஒரு வாசல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்தாவது முறை வந்தாலும்.

மறுகரை என்பது கடைசியில் ஒரு வாடகை அறைதான். சேலத்தில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய்க்கு அறை கிடைக்காது என்பது ஒரு பக்கம். பணம் இருந்தாலும் கிடைக்காது என்பது மறுபக்கம். எங்கள் பகுதியில் ‘வீடு வாடகைக்கு, குடும்பத்துக்கு மட்டும்’ என்று எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். சென்ற ஆண்டு, எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்காக வீடு தேடினேன். உணவகத்தில் சமையல் வேலை, ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன். போன இடமெல்லாம் முதல் கேள்வி, “வீட்டுக்காரர் என்ன பண்றாருங்க?” இல்லை என்றால், “இறந்துட்டாருங்களா?” இறந்திருந்தால் பரவாயில்லை என்ற தொனி அதில் இருக்கும். கைம்பெண்ணுக்கு ஒரு மதிப்பு உண்டு. பிரிந்து வந்தவளுக்கு வாழாவெட்டி என்ற சொல்தான். தாயும் மகனும் குடும்பம் இல்லையா என்று கேட்டதற்கு ஒருவர் யோசித்து, “குடும்பம்தாங்க, ஆனா நாளைக்கு ஏதாச்சும்னா யாருகிட்டப் பேசறது?” என்றார்.

ஒரு வீட்டில் சம்மதித்தார்கள். நான் பொறுப்புக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். போடப் பேனாவை எடுத்தபோது வீட்டுக்கார அம்மா, “நீங்க வேண்டாங்க மேடம், சாரை வந்து போடச் சொல்லுங்க” என்றார். இருபது ஆண்டாக அரசுச் சம்பளம் வாங்குகிறேன், முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறேன் என்றெல்லாம் சொல்ல நாக்கு துடித்தது. அவளுடைய வீடு போய்விடுமே என்று அடக்கிக்கொண்டேன். சார் வந்து போட்டார்.

ஒப்பந்தத்தில் காலம் 11 மாதம். காப்பகத்தின் ஓராண்டைவிட ஒரு மாதம் குறைவு. முன்பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு அந்த அம்மா ஒரு சாவியைக் கொடுத்தார். “இன்னொன்னு எங்ககிட்டயே இருக்கட்டும் கண்ணு, ஒரு அவசரத்துக்கு ஆகும்.”

அவள் கையை நீட்டியபடியே நின்றாள். “பையன் எனக்கு முன்னாடியே வந்துருவானுங்க அம்மா. அவனுக்கு ஒண்ணு வேணும்.”